வெளியே போகிற பை

ரிடையர் ஆனவனுக்குப் பொழுது போகாது என்று சொல்கிறவர்கள் எக்ஸ்ரேயின் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். மனிதருக்கு மூச்சு விட நேரமில்லை. விடிந்ததும் வாசலில் கிடக்கும் பேப்பரை எடுத்து, கீழ்வீட்டுக்காரர் தனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல மடித்துப் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பால் பாக்கெட்டை உள்ளங்கையில் தூக்கிக் கனம் பார்க்க வேண்டும். லிஃப்ட் நின்றால், அது தானாக நின்றதா, சோபா ஏற்றிய மேல்வீட்டுக்காரர்கள் கெடுத்ததா என்று விசாரிக்க வேண்டும். குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். மறுபடியும் கூப்பிடட்டும் என்று அவர் அரைகுறையாக முடுக்கிவிட்டுப் போனாரா என்று குழாயடியில் குந்தியிருந்து பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சாப்பிடவும் வேண்டும்.

எக்ஸ்ரே என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர். செம்புக் கம்பி செய்யும் தொழிற்சாலையில் அவர் வாசல் காவல் அதிகாரியாக இருந்தார். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் தொழில். சாப்பாட்டு டப்பாவின் அடியில் இன்னொரு அடி வைத்திருந்தவனையும், காலையில் ஒல்லியாக வந்து மாலையில் இடுப்பில் கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் பூசினாற்போல் போனவனையும் நடையைப் பார்த்தே பிடித்தவர். அவர் கற்ற பாடம் ஒன்றுதான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். பயம் இருக்கிறவன் காவல்காரன் பக்கம் திரும்பவே மாட்டான். மூக்குக்கு நேரே பார்த்துக்கொண்டு போவான். அவனை நிறுத்த வேண்டும். உள்ளே வருகிற பையை மட்டும் அவர் தொட்டதில்லை. உள்ளே வருவதால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

சந்தோஷங்களும் இல்லாமல் இல்லை. தேநீரில் பிஸ்கட்டை நனைத்து, அது உடைந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் வாயில் போட்டுக்கொள்வது ஒன்று. குறுக்கெழுத்துப் போட்டி இன்னொன்று. மனைவி குறிப்பைப் படிப்பாள், அவர் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், அவளே பதிலையும் சொல்லிவிடுவாள். எல்லாவற்றையும்விடப் பெரியது அந்தப் பிரம்பு நாற்காலி. காலையில் அது பால்கனிக் கதவருகே இருக்கும். வெளிச்சம் நகர நகர நாற்காலியும் நகரும். மத்தியானம் கூடத்தின் நடுவே, சாயங்காலம் மேற்கு ஜன்னலடியில். வெளிச்சம் எங்கேயோ அங்கே எக்ஸ்ரே.

சந்தேகம் அந்த நாற்காலியில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் மனைவி, நாற்காலியை இனிமேல் காலண்டருக்குக் கீழே சுவரோரமாகவே போட்டு வைக்க வேண்டும், நகர்த்தக் கூடாது என்றாள். காரணம் கேட்டதற்குத் தரையில் கோடு விழுகிறதாம். இத்தனை வருஷம் விழாத கோடு! எக்ஸ்ரே தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு இருந்தது, பழைய கோடு. அவளே நேற்று நாற்காலிமேல் மோதி முழங்காலைத் தடவிக்கொண்டு போனதையும் அவர் பார்த்திருந்தார். கோபத்தில் இடித்தாள் என்றுதான் நினைத்தார்.

அதன் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். சர்க்கரை டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட் ஏறியிருந்தது. உப்பு டப்பாவில் இரண்டு. கேட்டால், மூடி தளர்ந்துவிட்டது என்றாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. குறுக்கெழுத்தை அவரையே படிக்கச் சொன்னாள். "உங்க குரல்ல கேட்டா நல்லா இருக்கு" என்று வேறு சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலைப் பற்றி அவள் சொன்ன ஒரே வார்த்தை, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்பதுதான். புகழ்ச்சி வந்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். வாசலில் அவருக்குச் சலாம் வைத்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் மாட்டினார்கள்.

வந்தது சமையல். அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அவரைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள். வெங்காயத்தை அவரே நறுக்கினார். ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள், மகளுக்கு போன் போட்டுத் தரச் சொன்னாள். இவ்வளவுக்கும் மத்தியானத்தில் அவர் கண்ணயர்ந்ததும், ஒரு சின்ன நீலத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். எங்கே என்றால், சும்மா காலாற என்பாள். அந்தப் பையை இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

ஒரு நாள் குளியலறையிலிருந்து வரும்போது, அவள் மகளிடம் போனில் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"அவர்கிட்ட இப்ப சொல்லாதே. முதல்ல சமையல் கொஞ்சம் பழகட்டும்."

எக்ஸ்ரே ஈரத் துண்டோடு அப்படியே நின்றார். எல்லாம் பொருந்திவிட்டது. அவள் போகப் போகிறாள். வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு, ஒரேயடியாக. தனியாகப் பிழைத்துக்கொள்ள அவரைத் தயார் செய்கிறாள். அதிர்ச்சியைவிட அவரை அதிகம் உறுத்தியது, அவள்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை என்பதுதான். கால் கிலோ தக்காளி வாங்கி வந்தால்கூட மறுபடி எடை போடுகிற ஆளோடு யார்தான் எவ்வளவு காலம் குப்பை கொட்டுவார்கள்? அவள் இல்லாத கூடத்தை நினைத்துப் பார்த்தார். பயமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

ஆள் இருந்தார். பூங்கா பெஞ்சில் தினமும் கூட உட்காருகிற போஸ்ட்மாஸ்டர், அவரும் ஓய்வு பெற்றவர். எக்ஸ்ரே ரப்பர் பேண்டிலிருந்து போன் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். போஸ்ட்மாஸ்டர் கடலையைத் தோல் உரித்து ஊதிவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றார். கேட்டால் ஒத்துக்கொள்வார்களா? டப்பாவில் கம்பி இருக்கிறதா என்று கேட்டு யார் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்? அதோடு, போஸ்ட்மாஸ்டர் ஏன் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார், இவருக்கும் முன்னமே தெரியுமோ என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்தார்.

மறுநாள் மத்தியானம் குறட்டை விடுகிற மாதிரி படுத்திருந்து, அவள் படி இறங்கியதும் பின்தொடர்ந்தார். அவள் மதில் சுவரை விரலால் தடவிக்கொண்டே போனாள், சின்னப் பிள்ளைபோல. தெருமுனையில் நின்றாள். பேருந்து நிறுத்தத்தில் மறுபடி நின்றாள். பேருந்து வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள், டிரைவரிடம் ஏதோ கேட்டாள், காலை எடுத்துக்கொண்டாள். ரயில் நிலையத்துக்குப் போகிற பேருந்து அது. எக்ஸ்ரேக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மருந்துக்கடை விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றபடி, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அன்று இரவு அவரே சோறு வடித்தார். கொஞ்சம் குழைந்துவிட்டது. "முதல் தடவைக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள்.

அடுத்த நாள் அவர் படுக்கவில்லை. பிரம்பு நாற்காலியைத் தூக்கி வந்து வாசல் கதவுக்கு ஒரு பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். முதுகு நேராக, கைகள் முழங்காலில். பழைய வாசல் திரும்பி வந்துவிட்டது. கனமான பையோடு ஒருத்தி வரப் போகிறாள். என்ன கேட்பது என்று யோசித்து வைத்திருந்தார்: டிக்கெட் எந்தத் தேதிக்கு?

அவள் அறையிலிருந்து வந்தாள். தோளில் நீலப் பை. நேராகக் கதவைப் பார்த்தபடி வந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்; அவள் திரும்பவே இல்லை. ஒரு ஈ பறந்தால் விரட்டுகிற அளவுக்குக்கூட அவர் பக்கம் கண் வரவில்லை. காவல்காரனைப் பார்க்காமல் போகிற அதே நடை. எக்ஸ்ரேயின் மூக்கில் வியர்த்தது. ஆயுசு முழுக்கச் சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது.

"நில்லு. பையைத் திறந்து காட்டு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது; சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலையை முழுதாகத் திருப்பி, கீழே மேலே தேடி, அவர் முகத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

எக்ஸ்ரே திறந்தார். விரல்களுக்கு வேலை மறக்கவில்லை. அடித்துணிவரை தடவிப் பார்த்தன. ஒரு கைக்குட்டை. கறுப்புக் கண்ணாடி. வீட்டுச் சாவி, அதில் ஒரு துண்டு நூல் முடிச்சு. பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்னக் குப்பி, கண்ணில் விடும் சொட்டு மருந்து. டிக்கெட் இல்லை. உள்பக்கத் தையலையும் தடவிப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"இது யாருக்கு?" என்று கேட்டார், குப்பியைத் தூக்கிப் பிடித்து.

"எனக்குத்தான்" என்றாள். "நீங்க இங்க உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியலைங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறதாம். பக்கவாட்டில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. நேரே மட்டும் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி தெரிகிறது. அதிலும் எழுத்து பாதி பாதியாக ஓடிவிடுகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து, எத்தனை காலம் காப்பாற்றும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனது, பண்டிகை விடுமுறைக்கு என்று சொல்லிவிட்டு வந்த மகள். ரப்பர் பேண்ட், எது உப்பு எது சர்க்கரை என்று விரல் தெரிந்துகொள்ள. மதில் சுவரும் பேருந்துப் படியும், கண் போனாலும் கைக்கும் காலுக்கும் வழி பழகியிருக்க. பேருந்தின் பலகை படிக்க முடியாததால் டிரைவரிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள்.

நாற்காலி எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அது அவருக்கே தெரிந்துவிட்டது. அவள் முழங்காலைப் பார்த்தார். வெட்கத்தில் காது சுட்டது. வீட்டுக்குள் ஒரு விஷயம் வந்து இத்தனை மாதமாகக் குடியிருந்திருக்கிறது. அவர் என்னடாவென்றால் வெளியே என்ன போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"தெரிஞ்சா என்னையும் கேட்ல நிறுத்திடுவீங்க. தனியா எங்கேயும் விட மாட்டீங்க. கண்ணு இருக்கும்போதே நாலு தெரு நடந்து பார்த்துக்கலாம்னு நினைச்சேன்."

இல்லை என்று மறுக்க எக்ஸ்ரே வாயைத் திறந்தார். மடியில் அவள் பை திறந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டார்.

எடுத்ததை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். அவள் கையை உள்ளே விட்டுத் துழாவி, "சாவி இடது பக்கம்" என்றாள். மாற்றி வைத்தார். கறுப்புக் கண்ணாடியை அவள் போட்டுக்கொண்டாள். மருந்து இன்றோடு தீர்கிறது, கடைக்குப் போக வேண்டும் என்றாள். அவர் உடனே எழுந்து செருப்பைத் தேடி மாட்டினார். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

"நான் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

எக்ஸ்ரே செருப்பைக் கழற்றினார். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கதவைத் திறந்து விட்டார். படியில் அவள் காலடிச் சத்தம் நிதானமாக இறங்கிப் போயிற்று. பால்கனிக்கு ஓடினார், அங்கிருந்து பார்த்தால் தெருமுனை வரை தெரியும். கம்பியைப் பிடித்தவர், அவள் வாசலைத் தாண்டும் முன்பே முதுகைத் திருப்பிக்கொண்டார். பார்க்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. தெருவில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டபோது உடம்பெல்லாம் திரும்பத் துடித்தது. திரும்பவில்லை.

உள்ளே வந்து, வாசலோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் காலண்டருக்குக் கீழே சுவரோரம் போட்டார். இழுக்கவில்லை, தூக்கித்தான் போட்டார். கால்கள் சுவரோடு ஒட்டியிருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். பிறகு பேப்பரோடு உட்கார்ந்தார். வெளிச்சம் மெதுவாக மேற்கு ஜன்னலடிக்குப் போய், அங்கே பிரமாதமாக விழுந்து கிடந்தது. இங்கே எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. கால் இரண்டு முறை எழுந்துகொள்ளப் பார்த்தது. அதட்டி உட்கார வைத்தார்.

கதவு திறந்தது. அவள் சாவியைப் பைக்குள் போட்டாள், இடது பக்கம். செருப்பை விட்டாள். காற்றில் கையைக் கொஞ்சம் முன்னே நீட்டியபடி சுவரோரமாக வந்தாள். விரல்கள் நாற்காலியின் முதுகைத் தேடின, அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கை நகர்ந்து அவர் தோள்மேல் வந்து உட்கார்ந்தது.

"இங்க இருட்டா இருக்குமே. வெளிச்சத்துக்குப் போகலையா?"

"இங்கேயே நல்லாத் தெரியுது" என்றார் எக்ஸ்ரே.

பொய்தான். அவளுக்கும் தெரியும். அந்தப் பொய்ப் பையை அவரைத் திறந்து காட்டச் சொல்லாமல் விட்டுவிட்டு, குறுக்கெழுத்தைப் படிக்கச் சொன்னாள்.