தாவீதின் இடது கை

முந்நூறு வருஷத்துப் பழைய இத்தாலிய ஓப்பரா இசைநாடகம் ஒன்றை மூன்றே பேர் வாசிக்கும்படி சுருக்கி எழுதிக்கொண்டிருந்தாள் ஜான்சி. கீழ்க்கட்டளை வீட்டுக் கூடத்தில் அவளுடைய கீபோர்டு, கணவன் ஆல்வினின் வயலின், அண்ணன் தாவீது முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. அவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா. கதையில் சிறைப்பட்ட ராணி பாடும் பாட்டை வயலினுக்குக் கொடுத்தாள். அதன் அடியில் திரும்பத் திரும்ப இறங்கிவரும் நான்கு சுரங்கள் செல்லோவுக்கு.

முதல் ஞாயிறு சர்ச் முடிந்து வந்து வாசித்தபோது தாவீது மூன்றாவது சுரத்தில் தடுக்கினான்.

"விரல் எட்டலம்மா. கொஞ்சம் மாத்திக் குடேன்."

சின்ன வயதிலிருந்து வாசிக்கிறவன். தான் எழுதியதில்தான் பிழை என்று நினைத்து ஜான்சி மாற்றினாள். அடுத்த வாரம் வேறோர் இடம் எட்டவில்லை. அதையும் எளிதாக்கினாள். கடைசியில் விரலே வைக்கத் தேவையில்லாத வெறும் கம்பியொலிகள்தான் மிஞ்சின.

அதிலும் ஒருநாள் ஓசை அடைத்தது. எட்டிப் பார்த்தாள். அவனுடைய இடது சுண்டுவிரல் கம்பிமேல் கிடந்தது. அங்கே கிடப்பது அவனுக்கே தெரியவில்லை.

மறைமலை நகர்த் தொழிற்சாலையில், தகடு அழுத்தும் மெஷினில் வேலை செய்கிற கை.

"எத்தினி நாளாண்ணா இப்படி?"

"மரத்துப் போவும், அப்பால சரியாயிடும். இன்னும் ஈஸியாப் போட்டுக் குடு."

"இதுக்கு மேல ஈஸியாக்கினா நீ வாசிக்கவே வேணாம்."

ஆல்வின் வயலினை இறக்கி வைத்தான். தாவீது எழுந்து, "ஷிஃப்ட்டு கீது, கெளம்புறேன்" என்று பைக் சாவியைத் தேடினான். அதை ஜான்சி முந்தி எடுத்துக்கொண்டாள்.

"குடும்மா, லேட்டாவுது."

"மாட்டேன். கிளட்ச் புடிக்கிற கை அது."

"கம்பெனில தெரிஞ்சா மெஷினாண்ட வுட மாட்டாங்க."

"வுடக் கூடாது."

ஆல்வின் காரை எடுத்தான். தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் இடது கை விரலிலிருந்து மேலே மேலே ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குத்துக்கும் தாவீது "இல்ல" என்றான். தோளுக்கு வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். கழுத்துக்கு உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறை வாசலில் தாவீது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜான்சி, பயமா கீது. கையப் புடிச்சுக்கோ."

அவன் இடது கையை அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து, மறுபக்கம் போய் உட்கார்ந்து, அவன் வலது கையைப் பற்றினாள். அவன் தன் பலமெல்லாம் கூட்டி இறுக்கினான். கைக்குழந்தையின் பிடி அளவுக்குக்கூட அதில் அழுத்தமில்லை.