படம் எடுக்கிறவளுக்கும் ஓர் இடம்

பூங்கோதை ரிமோட்டை மறுபடி அழுத்தினாள். கேமரா கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது.

"விடு பூங்கோதை, வெளிச்சம் போயிரும். எப்பவும் போல நீயே எடுத்துரு. நீ எடுத்தாத்தான் நல்லா வரும்" என்றாள் அண்ணி ரூபா.

எப்பவும் போல! அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. அந்தமான் பெரார்கஞ்சில் இந்த வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். பொங்கல், காதுகுத்து, அண்ணன் மகேஷ்குமாரின் புது ஜீப். அத்தனையும் அவள் எடுத்தவை. ஒன்றிலும் அவள் இல்லை. பெங்காலிக்காரன் சுபோத்தைக் கட்டிக்கொண்ட அன்றோடு அப்பா பக்கிரிசாமி அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வராதே என்று சொல்லவில்லை. வரலாம், சாப்பிடலாம், பாத்திரம்கூடத் தேய்க்கலாம். படத்தில் மட்டும் நிற்கக்கூடாது. அதையும் யாரும் வாய்திறந்து சொன்னதில்லை; அவள் கையில் கேமரா இருந்தது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. என்ன சாமர்த்தியம்! ஒருத்தியைத் தள்ளியும் வைக்கலாம், அவளிடமே வேலையும் வாங்கலாம்.

திங்கட்கிழமைக் கப்பலில் அண்ணன் குடும்பம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்குப் போகிறது. வீட்டை விற்றாயிற்று. இந்த வாசலில் எடுக்கப்போகும் கடைசிப் படம் இதுதான். இதிலும் இல்லையென்றால், அவள் இந்த வீட்டில் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். அதற்காகத்தான் ரிமோட் வாங்கினாள்.

வாங்கி என்ன பிரயோஜனம்? பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். கேமராவை ரிமோட்டுக்கான மோடில் வைத்தது சரிதானா என்று பார்த்தாள், சரிதான். வெயில் நேரே முகத்தில் அடித்தால் ரிமோட்டின் வெளிச்சம் கேமராவுக்கு எட்டாது என்று எங்கோ படித்திருந்தாள். ஸ்டாண்டோடு தூக்கிப் பலா மரத்து நிழலில் வைத்தாள். ம்ஹும்.

நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, மகனைப் பார்த்துச் சொன்னார்: "அதுகிட்ட சொல்லுடா. அங்கேயே நின்னு எடுக்கறதுன்னா எடுக்கட்டும். இல்லன்னா நான் உள்ள போறேன்."

பூங்கோதையும் அண்ணனையே பார்த்தாள். "அவருகிட்ட சொல்லுண்ணே. நான் இல்லாம இன்னிக்குப் படம் கிடையாது. கேமரா என்னோடது."

"அரே, ஊரை விட்டுப் போற நேரத்துல என்னம்மா தமாஷா இது?" மகேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "இவ ஜித் புடிச்சா அவ்ளோதான்."

"ஜித்துதான், பிடிவாதந்தான். இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு எடுத்தேன்ல? இன்னிக்கு ஜித்து."

தன் கைபேசியின் கேமராவுக்கு முன்னால் ரிமோட்டை நீட்டி அழுத்தினாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், திரையில் ஊதாப் புள்ளியாக மின்னியது. ஆக, ரிமோட் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. கேமராவுக்குத்தான் காது கேட்கவில்லை.

கேமராவின் முன்பக்கத்தை விரலால் தடவினாள். கைப்பிடியில் ஏதோ ஒரு விளிம்பு நகத்தில் தட்டியது. அடக் கடவுளே! கறுப்பு டேப். அவளே ஒட்டியது. கடற்கரையில் டூரிஸ்ட் ஜோடிகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள். உப்புக்காற்று உள்ளே போனால் தொலைந்தது என்று, வாங்கின அன்றே இண்டு இடுக்கு ஒன்று விடாமல் ஒட்டிவைத்தாள். ரிமோட்டின் வெளிச்சம் நுழைகிற சின்ன ஜன்னலையும் சேர்த்து. கறுப்பின் மேல் கறுப்பு, மறந்தே போயிற்று. பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று காதையே பொத்தியிருக்கிறாள். 'நானும் இந்த வீட்டுப் பொண்ணுதானே, வேற எப்படி இருப்பேன்' என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது.

டேப்பைப் பிய்த்தாள். அழுத்தினாள். சிவப்பு விளக்கு மினுக்கி, க்ளிக் என்றது.

ரூபா தள்ளி நின்று ஓரத்தில் இடம் விட்டாள். பூங்கோதை அங்கே போகவில்லை. அப்பாவின் நாற்காலியை ஒட்டிப் போய் நின்றாள். வேலிக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்தபடி, எப்பவும் போலக் காத்திருந்த புருஷனைப் பார்த்து, உள்ளே வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

"சுபோத், அந்தர் ஆவோ!"

"ரெஹ்னே தோ, பூங்கோ..." வேண்டாமே என்று அவன் தயங்கினான்.

"ஆவோன்னா ஆவோ!"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தலையைக் கோதிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றான். அப்பாவின் இரண்டு கைகளும் நாற்காலிப் பிடியை இறுக்கின.

"எந்திரிக்கறதுன்னா எந்திரிங்கப்பா." இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவரிடமே நேராகச் சொன்னாள். "எந்திரிச்ச மாதிரியே படத்துல விழட்டும்."

ரிமோட்டை மறைத்துக்கொள்ளாமல் நெஞ்சுக்கு நேரே நீட்டி அழுத்தினாள். பலா மரத்து நிழலில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நாற்காலிப் பிடியில் அப்பாவின் விரல்கள் வெளுத்திருந்தன. எழுவதற்கு ஊன்றிய முழங்கை இன்னும் நிமிரவில்லை.