கோடா, வட்டமா?

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் வேறொருத்தி. அதை அவள் வாயில் ஊட்டிவிட்டவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைசியில் ஒப்புக்கொண்டால் நீங்கள் அதைத் திருப்பம் என்று நினைத்துக் கைதட்டிவிடுவீர்கள்.

நான் பேட்ஜ் சேகரிக்கிறவன். சட்டையில் குத்திக்கொள்வார்களே, அந்த வட்டத் தகர பேட்ஜ். தேர்தல் பேட்ஜ், பாடகர் பேட்ஜ், கார்ட்டூன் நாய் பேட்ஜ், 'இன்று எனக்கு ஐந்து வயது' பேட்ஜ் என்று நாலாயிரத்துச் சொச்சம் வைத்திருக்கிறேன். என் அக்கா அதைத் 'தகரக் கடை' என்பாள். கதைக்குள் வரும் சேகரிப்பாளர் நான்தான். ஆனால் அங்கே அவரைப் படர்க்கையில் நிறுத்திவிட்டேன். தலையில் கொஞ்சம் முடியும் கொடுத்திருக்கிறேன். இந்தச் சலுகைகூட இல்லையென்றால் மனுஷன் எதற்காக எழுத வேண்டும்?

2

முதல் தொடக்கம்: 'பட்டறையின் மூலையில் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.'

(அடித்துவிட்டேன். அது கைப்பிடியை இழுத்து அழுத்துகிற பேட்ஜ் இயந்திரம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உறுமுகிற வேலையெல்லாம் முதலாளியுடையது.)

இரண்டாம் தொடக்கம்: 'மனிதன் என்றைக்குத் தன் நெஞ்சை விளம்பரச் சுவராக்கினானோ, அன்றைக்கே அவன்—'

இந்த இடத்தில் அக்கா கொட்டாவி விட்டாள். "டேய், ஆளு எங்கடா? நெஞ்சு, சுவருன்னு என்னமோ கட்டட வேலை பாக்குறே."

சரி, சரித்திரத்தைச் சுருக்கிவிடுகிறேன். ஒரு காலத்தில் தலைவருக்காக மேல்கோட்டில் உலோகப் பொத்தானைத் தைத்துக்கொண்டார்கள். பிறகு, நூற்றிருபது வருஷத்துக்கும் முன்னால், தகர வட்டின் மேல் அச்சடித்த தாளை வைத்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய செல்லுலாய்டைப் போர்த்தி, முதுகில் ஊசி மாட்டும் வித்தை வந்தது. காசுக்குப் பத்து என்கிற மலிவு. அரசியல்வாதி சும்மா விடுவாரா? தெருவில் போகிறவன் வருகிறவன் நெஞ்சிலெல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் பின்னாலேயே பாடகர்களும் நடிகர்களும் கார்ட்டூன் நாயும் ஏறினார்கள்.*

* எங்கள் உலகத்து விசித்திரம் ஒன்று: ஜெயித்தவர் பேட்ஜ் மூலைக்கு மூலை கிடைக்கும். தோற்றவர் பேட்ஜை மறுநாளே குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் எங்களிடம் தோற்றவருக்குத்தான் மவுசு அதிகம்.

3

பட்டறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி அண்ணி. இன்னொருத்தி அவள் நாத்தனார், அதாவது அண்ணியின் புருஷனுக்குத் தங்கை. ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தார்கள். காலையில் அண்ணி, மதியத்துக்கு மேல் நாத்தனார். இங்கே குடுமிப்பிடிச் சண்டையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள்.

தாளை வட்டமாக வெட்டும்போது கோணிப்போனால் முதலாளி கத்துவார். யார் வெட்டியது என்று தெரிவதற்காகத் தாளின் முதுகில் ஆளுக்கொரு பென்சில் குறி போடுவது அங்கே வழக்கம். அண்ணிக்குச் சின்னக் கோடு. நாத்தனாருக்குச் சின்ன வட்டம். பேட்ஜை அழுத்தி மூடியதும் குறி உள்ளே போய்விடும். அப்புறம் பேட்ஜைப் பிளந்தால்தான் உண்டு.

அது தேர்தல் சமயம். ஒரு வேட்பாளருக்காக ஆயிரம் பேட்ஜ், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்போடு. அன்று காலை அண்ணியின் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு பட்டறையிலும் மனசு வீட்டிலுமாக இருந்த அண்ணி, ஊசித் தகடு உட்காரும் அடி அச்சைக் கழற்றி எண்ணெய் விட்டாள். திரும்ப மாட்டும்போது முன்பின்னாக மாட்டிவிட்டாள்.

ஊசி எப்போதும் பேட்ஜின் நடுவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் கீழே இறங்கி முகம் நிமிர்ந்து நிற்கும். அச்சு திரும்பியதில் ஊசி தலைவரின் தாடைப் பக்கம் போய்விட்டது. நேராகக் குத்தினால் பேட்ஜ் முன்னால் சரிந்து, தலைவர் தரையில் எதையோ தேடுவார். அவரை ஒழுங்காக நிற்க வைக்க வேண்டுமானால் தலைகீழாகத்தான் குத்த வேண்டும்.

மறுநாள் ஊர்வலத்தில் பாதித் தொண்டர்களின் நெஞ்சில் தலைவர் தொலைந்த காசைத் தேடினார். மீதிப் பேர் நெஞ்சில் சிரசாசனம் செய்தார். தலைகீழாகப் பார்த்தால் அந்தச் சிரிப்பு அழுகை மாதிரி இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தேர்தலில் அவர் தோற்றார். பேட்ஜுக்கும் தோல்விக்கும் சம்பந்தமில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கலாம்.

ஊர்வலம் முடிந்த அன்று மதியமே கட்சிக்காரர்கள் பட்டறைக்கு வந்து குதித்தார்கள். அப்போது இயந்திரத்தில் இருந்தவள் நாத்தனார். அண்ணி வேலை முடிந்து, வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு போட்டது இத?" என்று உறுமினார் முதலாளி.

நாத்தனார் வாசலைப் பார்த்தாள். அண்ணி இன்னொரு செருப்பைக் காலால் துழாவினாள். வாய் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"நாளையிலேருந்து நீ வராதே," என்றார் முதலாளி, நாத்தனாரிடம். பேட்ஜைப் பிளந்து குறி பார்க்கவெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை.

அதோடு சரி. நாத்தனார் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். அந்தக் கல்யாணத்தில்கூட அண்ணியிடம் பேசவில்லை. பதினொரு வருஷம்.

(அண்ணியை நான் நல்லவளாகக் காட்டுகிறேனோ? காய்ச்சலைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன். பயம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் என்னிடம் அவள் செருப்பைத்தான் சொன்னாள்.)

4

இனி சேகரிப்பாளர் வருகிறார், தலைமுடியோடு.

அவரிடம் அந்தத் தலைகீழ் பேட்ஜ் மூன்று இருந்தன. ஒரு பட்டியல் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார்; ஒவ்வொரு பேட்ஜுக்கும் நாலு வரி. விசாரித்து விசாரித்து நாத்தனார் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். போனவர் 'என்ன நடந்தது?' என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் கேட்டது இது:

"அந்த வேட்பாளர் பிடிக்காம, எதிர்ப்பைக் காட்டத்தானே வேணும்னே தலைகீழா போட்டீங்க?"

நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திருடாத திருட்டுக்குத் தண்டனை அனுபவித்தாகிவிட்டது. திருடின பேராவது கிடைக்கட்டுமே என்று நினைத்திருப்பாள்.

(இந்த வரி என் ஊகம். அப்படியே விடுகிறேன், தப்பு என்று பிறகு தெரியும்.)

"ஆமா, வேணும்னேதான் பண்ணேன்," என்றாள்.

சேகரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. பேட்ஜ் கண்காட்சி ஒன்றில் அவளை மேடையேற்றுவதென்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

5

கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால், நோட்டீஸில் நாத்தனார் பெயரைப் பார்த்துவிட்டு அண்ணி சேகரிப்பாளர் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்த பேட்ஜைப் போட்டது நான்தாங்க. எழுதிக்குங்க."

"வேணும்னேயா?"

"இல்லீங்க. பொண்ணுக்குக் காய்ச்சல்."

சேகரிப்பாளர் பேனாவை வைத்துவிட்டார். புரட்சி போய்க் காய்ச்சல் வந்தால் யாருக்குத்தான் எழுத மனசு வரும்? அண்ணி கோட்டையும் வட்டத்தையும் சொன்னாள். "பிரிச்சுப் பாருங்க. கோடு இருந்தா நான் காலையில போட்டது. அதுலயே தப்பு ஆரம்பிச்சிருக்கும்."

"நீங்க சொன்னத எழுதினா, அவங்க பொய் சொன்னதா ஆயிடுமே," என்றார் அவர்.

அண்ணி அதை யோசித்திருக்கவில்லை. அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"பதினொரு வருஷமா தொண்டைக்குழியிலேயே நிக்குது சார் இது. சொல்லிட்டா அவ என்கிட்டப் பேசுவாள்னு நெனச்சேன். இப்ப சொன்னா, கெடைச்ச நல்ல பேரையும் நான்தான் புடுங்கினதா ஆகுமா?"

சேகரிப்பாளரின் கை தலைக்குப் போனது. அவருக்குக் கொடுத்த முடியையாவது பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

அக்காவிடம் இரண்டு முடிவுகளைப் படித்துக் காட்டினேன்.

(அ) அண்ணி கூட்டத்தின் நடுவே எழுந்து, "நான்தான்!" என்று கூவுகிறாள். அரங்கமே— ("நாடகமாடா இது?")

(ஆ) அண்ணி கண்காட்சிக்குப் போகவே இல்லை. வீட்டில் ஜன்னலோரம் அமர்ந்து— ("ஜன்னலோரம் உக்காந்தா பிரச்சனை தீந்துருமா? நடந்தத எழுதுடா, சோம்பேறி.")

நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணி போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் நாத்தனார் வெளுத்து வாங்கினாள். "அந்த ஆளு மூஞ்சிய நேரா வைக்க எனக்கு மனசு வரலீங்க! பல்லு மட்டுந்தான் நேரா இருந்துச்சு, மத்ததெல்லாம் கோணல்!" கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தபின், தேநீர் மேசைப் பக்கம் இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். சேகரிப்பாளர் பக்கத்திலேயே பேட்ஜ்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், காதை மட்டும் அடுக்காமல்.

"அன்னிக்குக் காலையில..." என்று ஆரம்பித்தாள் அண்ணி.

"தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"மெஷின்ல உக்காந்து பத்து போட்டதுமே பாத்துட்டேன், அச்சு திரும்பியிருக்குன்னு. நான் சரி பண்ணிப் போட்டா, காலையில போட்டது மட்டும் தனியாத் தெரிஞ்சுரும். உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. அதான் நானும் அப்படியே போட்டேன்."

"வேணும்னேயா?"

"வேணும்னேதான். மேடையில என்ன பொய்யா சொன்னேன்? காரணத்தத்தான் மாத்திச் சொன்னேன்."

கையிலிருந்த தேநீரை அண்ணி மேசையில் வைத்தாள்.

"வேலை போனதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல அண்ணி," என்றாள் நாத்தனார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. "வாசல்ல செருப்பத் துழாவிக்கிட்டு நின்னீங்க பாருங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். இன்னமும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அண்ணி வாயைத் திறந்தாள்.

7

அங்கே நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். (சேகரிப்பாளர், படர்க்கை என்பதெல்லாம் போதும். என் தலையில் முடியும் கிடையாது.) வாழ்க்கையில் முதல்தடவையாக ஒட்டுக்கேட்பதைப் பாதியில் நிறுத்தினேன்.

பட்டியல் புத்தகத்தில் 'எதிர்ப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்: 'தலைகீழ் ஊசி. காரணம் பட்டறையில் இருந்த இருவருக்குத் தெரியும்.' அந்த மூன்று பேட்ஜையும் நான் பிளக்கவில்லை. உள்ளே கோடு இருந்தால் அது ஒருத்தியின் தவறு. வட்டம் இருந்தால் அது இன்னொருத்தியின்—

"அந்த வார்த்தைய முடிடா," என்றாள் அக்கா. "அண்ணி என்ன சொன்னான்னு கூடவா கேக்காம வந்தே? நீயே ஏதாவது எழுது. எழுத்தாளன்தானே?"

மாட்டேன். ஒருத்தி வாயில் ஒரு முறை வார்த்தையை ஊட்டிவிட்டுப் பட்டது போதும். பதினொரு வருஷம் காத்திருந்த வார்த்தையை நான் எழுதினால், அது என் வார்த்தையாகத்தான் இருக்கும். நாத்தனாருக்கு அதனால் பிரயோஜனமில்லை.

நீங்களும் என்றைக்காவது யாரிடமோ சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், வாசலில் நின்று செருப்பைத் துழாவியிருப்பீர்கள். அன்றைக்கு வராத வார்த்தை உங்களுக்குத் தெரியும். அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

"..............................," என்றாள் அண்ணி.