பின்மூடிக்குள் ஒரு தகரப் பெட்டி

மிலிசாவ் வீட்டு வாசலில் அன்று நின்றவர்கள்: பெண்ணின் அப்பா மிலிசாவ், கதவை மறித்துக்கொண்டு கதவைவிட அகலமான கசாப்புக் கடைக்காரன், அவளுடைய அண்ணன் ஒப்ராட்; மாப்பிள்ளையான என் அண்ணன் வித்தோமிர்; வண்டி ஓட்ட வந்த மாப்பிள்ளைத் தோழன் ஸ்தனோயே, எக்காளம் ஊதுகிற இருவர், ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த நான், ராய்கோ. எங்கள் கார் ஃபிச்சாவையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் பின்னால் இருக்கிற அந்தக் குட்டிக் காருக்கு வெளிர்நீல வண்ணம் அடித்தவள் மணப்பெண் டாங்காதான். பட்டறையில் தன் வேலை முடிந்தபிறகு குளிர்காலம் முழுக்க அதைத் தேய்த்தாள். வயர் வேலை என்னுடையது. எலெக்ட்ரிக்கல் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? வண்டியின் வியாதி தீப்பொறியில் இருந்தது. தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டுகிற பாயிண்ட் கருகும், பனி மூட்டத்தில் மேடு ஏறும்போது வண்டி உயிரை விடும். டிரான்சிஸ்டர் வைத்து ஒரு பெட்டி செய்தேன், பிஸ்கட் தகரத்தில். பாயிண்ட் இனி சைகை மட்டும் காட்டினால் போதும், பாரத்தைப் பெட்டி சுமக்கும். நான் தொடங்கி முடித்த ஒரே காரியம் அது. எதற்கும் இருக்கட்டும், பழைய பாயிண்டையும் அதோடு சேர்ந்த கண்டென்சரையும் கழற்றாதே என்று டாங்கா சொல்லியிருந்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஆனாலும் விட்டுவைத்தேன்.

மிலிசாவ் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "தள்ளித்தான் கிளம்பணும்னா எம்பொண்ணு என் ஜீப்ல போவா. அந்தத் தகர வண்டி இங்கயே கெடந்து துருப்பிடிக்கட்டும்."

வழக்கப்படி மரத்தில் கட்டிய ஆப்பிளை என் அண்ணன் சுட்டு வீழ்த்தியதும் பெண்ணுக்கான பேரம் ஆரம்பித்தது. பெண்ணைச் சும்மா தருவானா ஒப்ராட்? பாடச் சொன்னான். பாடினோம். "இது பாட்டா? பன்னி அறுக்குறப்ப கூட இதைவிட நல்லா கத்தும்டா." மறுபடி பாடினோம். எங்கள் பக்கம் பேரம் சூடேறும்போதெல்லாம் ஸ்தனோயே ஹாரன் அடித்தான். கல்யாண வண்டி ஊமையாக நிற்கக்கூடாது. இந்த வண்டியில் சாவி திரும்பியிருந்தால்தான் ஹாரன் அலறும். எஞ்சின் சூடாகும் என்று அதை நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பியபடியே விட்டிருந்தான். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திரும்பியிருந்தால் என் பெட்டிக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அவனிடம் சொல்லியிருந்தேன். கல்யாணத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

பேரம் படிந்தது. மாப்பிள்ளையின் தம்பிதான் பெண்ணைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும்; கூட்டிவந்தேன். வண்டியை நெருங்கும்போதே கருகிய வாசனை எனக்கு வந்துவிட்டது. ஸ்தனோயே சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது, சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. எக்காளம் நின்றது.

"ஒப்ராடு, ஜீப்பு சாவிய எடுடா" என்றார் மிலிசாவ். குரலில் கேலி இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

டாங்கா என் கையை விடவில்லை. "வயரை மாத்து, ராய்கோ."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானே கல்யாணத்துக்கு வந்திருக்காங்க? மாத்துடா."

எஞ்சினின் பின்மூடியில் கட்டியிருந்த பூமாலையை அவளே பிய்த்துத் தரையில் போட்டாள். தகரம் தொடமுடியாத சூடு. என் ஒரே காரியத்தை எல்லோர் முன்னாலும் கழற்றி, அதிலிருந்த வயர்களை இக்னிஷன் காயிலுக்கும் பழைய பாயிண்டுக்கும் மாற்றினேன். அவள் வெள்ளைக் கையுறையோடு பாயிண்ட் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பிடித்துக்கொண்டாள். பாயிண்டை அட்டையால் உரசிவிட்டு மூடியை மாட்டினேன். "அடிடா!" என்றேன் ஸ்தனோயேயிடம். எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது, தாளம் தப்பித் தப்பி.

"ஓடுறது உன் பெட்டி இல்லையே" என்றான் ஒப்ராட்.

"வண்டி ஓடுது இல்ல?" என்றாள் டாங்கா.

நான் பின்சீட்டில் அண்ணன் பக்கத்தில் ஏறினேன். ஆறிக்கொண்டிருந்த பெட்டி கைக்குட்டையில் சுற்றி என் மடியில். எஞ்சின் நின்றதும் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்க என்ன செய்யலாம் என்று அப்போதே மனம் வரைய ஆரம்பித்திருந்தது. ரெண்டே ரெண்டு உதிரி போதும். டாங்கா முன்னால் ஏறிக் கதவை இழுத்தாள், சேரவில்லை. மறுபடி இழுத்தாள்.

மிலிசாவ் வந்தார். ஜீப் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஒரு விரல் அளவு மேலே தூக்கி, இடுப்பால் ஒரு தட்டு தட்டினார். இந்த மாதிரி வண்டியோடு பல வருஷம் பழகியவனுக்குத்தான் அது கைவரும்; அவரும் ஒரு காலத்தில் பழகியவர்தான் போல. கதவு சரியாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு வெளியே அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. டாங்கா உள்ளிருந்து பூட்டைத் திருகினாள்.