கூப்பிட்டாச்சு

"அக்கா, தூங்கிட்டியா?"

"பாப்பா இப்பத்தான்டி கண்ண மூடுனா. மெதுவாப் பேசு. என்ன, மறுபடியும் பரீட்சையா?"

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்கிறாள், இரண்டாவது வருடம். பத்தொன்பது வயதாகியும் அக்காவுக்கு அவள் இன்னும் குட்டிதான்.

"குட்டி, அழறியா?"

"சார் உள்ள இருக்காருக்கா. எங்க சார். என்னாலதான்."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. கொட்டிவிட்டாள்.

வாரம் ஒருமுறை அவர்களுக்கு, அவசர சிகிச்சைக் குழுவை நடத்தப் பழக்கும் தலைமைப் பயிற்சி வகுப்பு. ஒரு அறை, நடுவில் கட்டில், கட்டிலில் ரப்பர் பொம்மை. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மாமா. வாராவாரம் மாமாவுக்கு நெஞ்சு நிற்கும், மூச்சு முட்டும், போன உயிர் திரும்பி வரும். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் தலைவர். தலைவர் கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நோயாளியைத் தொடவே கூடாது. ஆளைப் பார்த்து வேலையைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, முடித்ததும் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். போன்களெல்லாம் வாசலில் ஒரு கூடையில் கிடக்கும். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கட்டை விரலைக் காதிலும் சுண்டு விரலை வாயருகிலும் வைத்து 'கூப்பிட்டாச்சு' என்றால் போதும், மதிப்பெண் விழுந்துவிடும்.

சார் பிரமாதமாக நடிப்பார். மாமாவுக்கு வைத்தியம் நடக்கும்போதே மார்பில் அடித்துக்கொண்டு அழும் மனைவியாக வருவார், குடித்துவிட்டு வம்பிழுக்கும் மச்சானாக வருவார். எதற்கும் அசையாமல் தலைவர் வேலையைப் பார்க்கிறாரா என்பதுதான் சோதனை. சார் கையைத் தூக்கினால் நாடகம் முடிந்தது.

"இன்னைக்கு நான்தான்க்கா லீடர். போன தடவ சார் சொன்னாரு, 'உன் குரல் மாமாவுக்கே கேக்கலம்மா, பாவம், அவருக்கு ரப்பர் காது வேற'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அதனால இன்னைக்கு எப்படியாவது சத்தமாப் பேசிடணும்னு..."

"சரி, பேசினியா?"

"பேசினேன்."

வகுப்பின் பாதியில் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. ஏதோ சொன்னார், குழறலாக வந்தது. கூடப் படிக்கும் நெட்டை அவள் காதருகே குனிந்து, "மனுஷன் இந்த வாரம் பின்றாருடி" என்றான். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓடிப்போய் அவர் கால்மாட்டில் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பக்கவாதம். நேரத்தக் குறிச்சுக்கோங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நெட்ட, எமர்ஜென்சிக்குக் கூப்பிடு!"

"எமர்ஜென்சிக்குக் கூப்பிடறேன்." விரல் காதுக்குப் போனது. "கூப்பிட்டாச்சு."

ஒரு சொல் பிசகவில்லை. அவள் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. பிறந்ததிலிருந்து அவ்வளவு பேர் அவள் சொன்னதைக் கேட்டதேயில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். எல்லோரும் சார் கையைத் தூக்குவதற்காகக் காத்திருந்தார்கள். அவர் ஒரு கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் போடுகிறார் என்று நினைத்து அவள் இன்னும் நிமிர்ந்து நின்றாள்.

"எவ்ளோ நேரம்டி?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"கால் மணி நேரம் இருக்கும்க்கா. அப்புறம்தான் பாத்தேன், அவரு பேன்ட் நனைஞ்சிருந்துச்சு. அத யாரும் நடிக்க மாட்டாங்க."

அதன் பிறகு நெட்டை வாசலுக்குப் பாய்ந்து கூடையைக் கவிழ்த்ததும், நிஜமாகவே போன் போனதும், ஸ்ட்ரெச்சர் வந்ததும் அவளுக்குக் கனவு மாதிரி இருந்தது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். உள்ளதைச் சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் திட்டியிருந்தாலாவது தேவலை.

"மூளையில ஒவ்வொரு நிமிஷமும் கணக்குக்கா. பாடத்துல மொத வரியே அதுதான். எனக்கு மனப்பாடம்."

"நீ என்ன வேணும்னா செஞ்ச? அழாத. இப்ப ஏதாவது பண்ண முடியுமா பாரு."

"ஒண்ணும் பண்ண முடியாது. இங்க உக்காந்திருக்கேன். அவ்ளோதான்."

கதவு திறந்தது. சாரின் மனைவி வெளியே வந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக அவளிடம் வந்தார். சின்னவள் போனை அணைக்க மறந்து எழுந்து நின்றாள்.

"நீதானாம்மா? ஒரு நிமிஷம்கூட வீணாக்காம எல்லாத்தையும் நீதான் பாத்துக்கிட்டியாம். வெளிய பசங்க சொன்னாங்க. உன்னப் பத்தி வீட்ல கூடச் சொல்வாரு, 'அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியும், வாயத் தொறக்கத்தான் பயம்'னு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்த அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு. உனக்குத் தெரியும். அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லும்மா."

வாராவாரம் பழகிய வாய். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னது.

"ஒண்ணும் ஆகாது."

குரல் கணீரென்றுதான் வந்தது. அந்த அம்மா நம்பி, தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார். கையிலிருந்த போனில் அக்கா, "குட்டி... குட்டி..." என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள்.