தலைநகருக்குப் போகாத தாள்

டெல்மர் ஹவ்டி நீதிமன்றப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மேஜைகளில் இருந்த மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் வேலையில் மூழ்கிப்போனார்கள். அவருடைய மகள் ஜோலீனைப் புதைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. டன்மோர் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டம் முழுவதும் அந்தச் சவ அடக்கத்துக்குப் போயிருந்தது. ஆர்லிஸ் பிரெக்கேயும் போயிருந்தாள். கவுண்டருக்கு நேர் எதிரே அவள் நாற்காலி இருந்ததால் அவள்தான் எழுந்து வரவேண்டியதாயிற்று.

"உக்காருங்க டெல்மர். காப்பி தரட்டுமா?"

"வேணாம்மா. மாடு கறந்துட்டு நேரா வரேன். அந்த டேரன் வோல்க் இருக்கான்ல, அவன் காகிதம் எல்லாம் பாக்கணும். பொதுஜனம் பாக்கலாம்னு சொன்னாங்க."

"பாக்கலாம். யாரு வேணாலும் பாக்கலாம்."

அவர் பனிச்சேறு அப்பிய பூட்ஸைத் தரைவிரிப்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, மேல்கோட்டின் உள்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து கவுண்டரில் பக்கத்துப் பக்கமாக விரித்தார். ஒன்று ஷெரிஃப் அலுவலகத்தில் வாங்கிய கைதுப் பட்டியல். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக வோல்க் மூன்று முறை பிடிபட்டிருந்தான்: 89, 93, 94. இந்த 96 ஜனவரியில் பட்டப்பகலில் கோடு தாண்டி வந்து ஜோலீனின் சின்னக் காரை நசுக்கியது நான்காவது முறை. இரண்டாவது தாள், தலைநகரில் இருக்கும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, ஒரு மாதம் காத்திருந்து தருவித்தது. அதில் குடித்துவிட்டு ஓட்டியதற்கு 89ஆம் வருட வழக்கு ஒன்றுதான் இருந்தது. கடைசி வரியில், லைசென்ஸ் செல்லும் என்று அச்சாகியிருந்தது.

"அங்க மூணு இருக்கு, இங்க ஒண்ணுதான் இருக்கு," என்றார் டெல்மர். "நான் பால்காரன், எனக்குக் கோர்ட்டு விவகாரம் தெரியாது. ஆனா நடுவுல இருக்கறது நீங்கதானே. ரெண்டு எங்க போச்சு?"

அவர் குரலில் கோபம் இல்லை. கன்று ஒன்று காணாமல் போனால் பக்கத்துப் பண்ணையில் விசாரிப்பவர் போலத்தான் கேட்டார்.

ஆர்லிஸ் பதிவேட்டைப் புரட்டினாள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்று விரலுக்கே தெரியும். 93ஆம் வருட வழக்கு உடனே கிடைத்தது. வக்கீல்கள் பேசி முடித்து, குடித்தது என்பதை எடுத்துவிட்டு, கவனக்குறைவாக ஓட்டினான் என்று மாற்றியிருந்தார்கள். அதை அவருக்குச் சொன்னாள்.

"அப்ப குடிச்சது குடிக்காத மாதிரி ஆயிடுச்சு."

"காகிதத்துல அப்படித்தான்."

"சரி. இன்னொண்ணு?"

94 அக்டோபர் வழக்கில் குற்றம் உறுதியாகியிருந்தது. மூன்று வருடத்துக்கு லைசென்ஸ் ரத்து என்று நீதிபதியின் உத்தரவும் இருந்தது. அப்படியென்றால் அது இன்னும் அமலில் இருந்திருக்க வேண்டும். ஆர்லிஸ் தலைநகர்த் தாளை மறுபடி பார்த்தாள். நவம்பர் 94இல் வோல்க்குக்கு லைசென்ஸ் தொலைந்துவிட்டதாக மாற்று அட்டை கொடுத்திருந்தார்கள். கோர்ட்டில் வாங்கி வைத்துக்கொண்ட அட்டையை அவன் தொலைந்ததாகச் சொல்லியிருக்கிறான். ரத்தான செய்தி போய்ச் சேராததால் அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

"வழக்குக் கட்டு கீழ நிலவறையில இருக்கு. எடுத்துட்டு வரேன்," என்றாள்.

நிலவறையில் கொதிகலனின் சூட்டில் பழைய காகித நாற்றம் கெட்டிப்பட்டிருந்தது. வோல்க்கின் கட்டு மூன்றாவது அலமாரியில் இருந்தது. ஆர்லிஸ் அதை நின்றபடியே பிரித்தாள். ரத்து அறிவிப்புப் படிவம் மூன்று தாள் கொண்டது: வெள்ளை தலைநகருக்கு, மஞ்சள் கட்டுக்கு, ரோஜா நிறம் குற்றவாளிக்கு. ரோஜாத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் இருந்தது. அதற்கு மேலே, கவ்வி கழற்றாமல், வெள்ளையும் இருந்தது.

வெள்ளைத் தாளின் அடியில் அவளுடைய கையெழுத்து இருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று யோசித்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தானா? இல்லை, அது அடுத்த வருடம். அவளுக்குக் காய்ச்சலா? நினைவில்லை. அவளுடைய பழைய அலுவலக நாட்குறிப்புகள் அதே அறையில் ஒரு பெட்டியில் கிடந்தன. தேடி எடுத்துப் பார்த்தாள். அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை: மூன்று மணிக்கு டோரிஸ் பிறந்தநாள் கேக், தட்டுகள் நான் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் அவள் கையெழுத்தில் இருந்தது. டோரிஸ் பக்கத்து மேஜைக்காரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, தட்டுகளை எடுக்க எழுந்திருப்பாள். திரும்பி வந்து கட்டோடு கட்டாக மூடியிருப்பாள். அதுவும் ஊகம்தான். அந்த நாள் அவள் மனதில் இல்லவே இல்லை.

படியில் காலடி கேட்டது. ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அலுவலகத் தலைவி மார்செல்லா இறங்கி வந்தாள்.

"என்னடி இவ்வளவு நேரம்? அந்த மனுஷன் மரம் மாதிரி நிக்கறாரு."

ஆர்லிஸ் தாளை நீட்டினாள். மார்செல்லா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் படித்தாள். முகம் மெல்லக் கல்லானது.

"வேற யாரு பாத்தா?"

"யாரும் இல்ல."

"நல்லது. மஞ்சளை மட்டும் நகல் எடுத்துக் குடு. வெள்ளை போயிடுச்சு, தபால்ல தொலைஞ்சிருக்கும்னு சொல்லு. தபால்ல தினமும் எவ்வளவோ தொலையுது."

"தொலையல மார்செல்லா. கையில வெச்சிருக்கேனே."

"இப்ப கையில இருக்கு." அவள் மூலையிலிருந்த காகிதம் அரைக்கும் இயந்திரத்தைப் பார்க்காமலே பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரே வருஷம். எனக்கு நவம்பர்ல தேர்தல். பொண்ணு திரும்பி வரப் போறதில்ல. யோசிச்சு மேல வா."

மார்செல்லா படியேறிப் போனாள்.

ஆர்லிஸ் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பின்னாளில் யாராவது சொன்னால் அவளே மறுத்துவிடுவாள். ஜோலீன் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். ஆர்லிஸின் மாமியாருக்குக் கடைசி மாதங்களில் தலை சீவிவிட்டவள். அது ஞாபகம் வந்தது. மகன் கல்லூரியில் படிப்பதும் ஞாபகம் வந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். வெள்ளைத் தாளை இன்னொரு முறை படித்தாள். பெயர், பிறந்த தேதி, வண்டி எண், அக்டோபர் 97 வரை தடை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அழகாகத் தட்டச்சு செய்திருந்தாள். அதுதான் அவளைச் சுட்டது. அந்த ஒரு காகிதத்தில், அனுப்புவதைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள்.

மேலே வந்து, மேஜைகளைப் பார்க்காமல், கட்டு முழுவதையும் நகலெடுத்தாள். டெல்மர் முன்னால் வைத்து வெள்ளைத் தாளை மேலே இழுத்துவிட்டாள்.

"இதுதான் தலைநகருக்குப் போயிருக்க வேண்டியது. போகல. அனுப்ப வேண்டியவ நான். நான் அனுப்பல."

பின்னால் தட்டச்சு நின்றது. மார்செல்லா தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டெல்மர் தாளின் மேல் விரல் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வரி வரியாகப் படித்தார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"இது போயிருந்தா அவன் ஓட்டியிருக்க மாட்டானா?"

"தெரியல டெல்மர். லைசென்ஸ் இல்லாமயும் ஓட்டறவங்க இருக்காங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "ஆனா போன ஆகஸ்ட்ல வேகமா போனான்னு நிறுத்தியிருக்காங்க. உங்க ரெண்டாவது தாள்ல இருக்கு, பாருங்க. லைசென்ஸ் செல்லும்னு வந்ததால அபராதத்தோட விட்டுட்டாங்க. ரத்துன்னு வந்திருந்தா அன்னைக்கே வண்டியப் பிடுங்கி உள்ள போட்டிருப்பாங்க."

"ஆகஸ்ட்ல."

"ஆமா."

"ஆகஸ்ட்ல அவ எங்க வீட்டுலதான் இருந்தா. வைக்கோல் ஏத்தினா." அவர் தாள்களை ஒன்றாக அடுக்கத் தொடங்கினார், விளிம்புகள் ஒட்டவில்லை, மறுபடி அடுக்கினார். "ஏன் அனுப்பல?"

"தெரியல. சொல்றதுக்கு ஒரு காரணம்கூட இல்ல. அன்னைக்கு ஆபீஸ்ல கேக் வெட்டினோம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று ஆர்லிஸ் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"இப்ப சொன்னதை எழுதிக் குடு," என்றார். அதுவரை இருந்த மரியாதை போய்விட்டிருந்தது. "கேக்கையும் சேத்து எழுது. வாயால சொன்னது வக்கீல் வந்தா மாறிடும்."

அவள் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அவர் அந்தக் கையெழுத்தையும் படிவத்தின் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

மறுநாளே ஆர்லிஸை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். கவுண்டி வக்கீல் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, அந்தக் கடிதத்தை நெருக்கடியில் எழுதியதாகச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. வோல்க்கின் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினாள். ரோஜாத் தாளைக் குற்றவாளியின் கையில் கொடுக்கும்போதுதான் கிழிப்பார்கள் என்பதையும், அதனால் ரத்தான விஷயம் அவனுக்குத் தெரியும் என்பதையும் அவள் வாய் வழியாகத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. குறைந்த தண்டனைக்குப் பேசி வைத்திருந்த ஒப்பந்தம் அதோடு முறிந்தது. பதினான்கு வருடம் கொடுத்தார்கள். தீர்ப்பைக் கேட்டு வோல்க்கின் தாய் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிட்டது டெல்மரின் மனைவிதான். டெல்மர் எழுந்திருக்கவில்லை.

நிலவறையிலிருந்த கட்டுகளை வெளியாட்கள் வந்து அலசினார்கள். போகாத வெள்ளைத் தாள்கள் இன்னும் பதினொன்று கிடைத்தன. நான்கில் ஆர்லிஸின் கையெழுத்து இருந்தது. மற்றவை டோரிஸுடையவை, மார்செல்லாவுடையவை. அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேர் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். மார்செல்லா நவம்பரில் தோற்றாள். தேவாலயத்தில் ஆர்லிஸ் உட்காரும் வரிசையில் அவளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருந்தது.

அடுத்த ஊரில் வான்கோழி வெட்டும் ஆலையில் ஆர்லிஸுக்கு வேலை கிடைத்தது. குளிரில் விரல் மரத்துப்போகும் வேலை. இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மளிகைக் கடையில் டெல்மர் எதிரே தள்ளுவண்டியோடு வந்தார். மெலிந்திருந்தார். மாடுகளை விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். அவர் போகாமல் நின்றார்.

"உன்னை மன்னிக்கணும்னு பாஸ்டர் வாராவாரம் சொல்றாரு," என்றார். "நீ நெனச்சிருந்தா மறைச்சிருக்கலாம்னு என் பொண்டாட்டி சொல்றா. எனக்கும் தெரியுது."

அவர் தள்ளுவண்டியை ஓரமாக நகர்த்தினார்.

"முடியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

"நான் கேக்கல டெல்மர்."

"கேக்கலன்னு தெரியும். சொல்லணும்னு தோணிச்சு."

அவர் அலமாரியிலிருந்து பட்டாணி டப்பா இரண்டு எடுத்து வண்டியில் வைத்தார். என்ன வாங்க வந்தோம் என்று மறந்துபோனவர் போல ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டு, பணம் கட்டும் இடத்தை நோக்கிப் போனார்.