பீரோ யாருக்கு?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த எண்பது கிலோ இரும்பு பீரோ ஒன்று தன் எடையை முழுவதுமாக இழந்தது. அதைச் சுமந்தவரை வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் 'முனகல்' என்பார்கள். பத்தொன்பது வருடமாகப் படிக்கு ஒரு முனகல். பின்னே வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலையை அவர் மனதார வெறுத்தார். இடுப்பு இதற்குமேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அந்த மாதத்தோடு வேலையை விட்டே ஆகவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். உட்கார்ந்தபடி பார்க்கிற வாட்ச்மேன் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவர், வாய் சும்மா இருக்காமல், "இது யாருக்கும்மா?" என்று வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டார். அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. "எம் பொண்ணுக்குப்பா. ஏழு மாசம் ஆஸ்பத்திரில இருந்தா. நாளைக்கு வீட்டுக்கு வர்றா." பீரோ அவர் முதுகைவிட்டு ஒரு சாண் எழும்பியது. மீதிப் படிகளில் அது கூரையில் முட்டாமல் பிடித்துக்கொள்வதுதான் அவர் வேலையாக இருந்தது.

அதன்பின் கேட்காமல் அவர் எதையும் தொட்டதில்லை. பதில் பொய்யென்றால் மட்டும் சாமான் கனத்தது. அப்படி இரண்டு சோபாக்கள் பாதிப் படியிலேயே நின்றுபோயின. கூட வேலை செய்தவர்கள் விடுவார்களா? அவர்களும் கேட்டார்கள், ஆனால் பதில் வருமுன்னே தூக்கினார்கள். ஒரு ஃப்ரிட்ஜ் ஒருவரின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. பேச்சைக் குறைக்கச் சொல்லிச் சத்தம் போட்ட முதலாளி, மூன்று பேர் வேலையை முனகல் ஒருவரே முடிப்பதைக் கண்டு கப்சிப் ஆனார்.

மனைவி மட்டும் நம்பவில்லை. "நீங்க படுத்துட்டா யாரு பாக்குறது? நான்தானே!" என்று அழுதாள். மாதத்தின் கடைசி நாள் கூடவே கிளம்பி வந்து, ஒரு தேக்குக் கட்டிலின் மறுமுனையை வீம்புக்குப் பிடித்தாள். அது அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றாள். "நீயே கேளேன்" என்றார் அவர். கேட்டாள். கட்டிலுக்குச் சொந்தக்காரன் சற்றுத் தயங்கினான். "எங்கப்பாவுக்குக்கா. பன்னெண்டு வருஷமாப் பேச்சே இல்ல. சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்காரு." கட்டில் அவள் இடுப்புயரத்துக்கு வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்முனையில் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தோடு அவர் ஒருநாளும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததில்லை. "ஜன்னலோரமா போடுவோம், வயசானவருக்குக் காத்து வேணும்" என்றாள்.

வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி மறுநாள் காலையிலேயே சொல்லியனுப்பினாள். இப்போது கட்டில், பீரோ என்றால் இருவருமே வருகிறார்கள். கேட்பது அவள்.